உள்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம்: மூணு ஊரும் ஒரு சின்னப் புத்தகமும்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது தா.பழூரில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ராஜா துட்டன்காமுன். ஊர் நூலகத்தில் எகிப்து பற்றி ஒரு படப்புத்தகம் இருந்தது. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த கதையை மனப்பாடமாகச் சொல்வேன். அதே வயதில் ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பலமுறை போயிருக்கிறேன். ராஜேந்திர சோழன் யார் என்று கேட்டிருந்தால், "கோயில் கட்டினவர்" என்றிருப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

எகிப்துக்கு எழுத ஆள் இருந்தது. கார்ட்டரே எழுதினார். இப்போது ஸாஹி ஹவாஸ் இருக்கிறார், தோண்டுகிறார், தோண்டியதைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி புத்தகமும் போடுகிறார். நம்ம பக்கம் அப்படி யாரும் இல்லை என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறார். இரா. நாகசாமி. 1930-ல் பிறந்தவர். 1966 முதல் 1988 வரை தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநர்.

அவர் எழுதிய 'கங்கைகொண்ட சோழபுரம்' என்ற ஆங்கிலச் சிறு நூலைத் துறை 1970-ல் வெளியிட்டது. வேலை பார்க்கும் ஊரில், ஒரு ராத்திரி ப்ரொடக்ஷன் ரிலீஸ் முடியக் காத்திருந்த நேரத்தில், அதை இணையத்தில் படித்தேன். கோயிலைப் பற்றி எழுதியது எதிர்பார்த்ததுதான். என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. சுற்றியிருக்கிற ஊர்ப் பெயர்களை வைத்தே அவர் பழைய தலைநகரைக் காட்டுகிறார். உள்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம். இதெல்லாம் நான் தினம் பஸ் போர்டில் பார்த்த பெயர்கள்! மெய்க்காவல் என்றால் அரசனின் மெய்க்காப்பாளர்கள் இருந்த இடம், ஆயுதக்களம் என்றால் ஆயுதக் கொட்டில். பள்ளிக்கூடத்தில் என்கூடப் படித்தவன் ஒருத்தனுக்கு உள்கோட்டைதான் ஊர். கோட்டை எங்கடா என்று ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.

உள்கோட்டைப் பக்கம்தான் மாளிகைமேடு. கல்வெட்டில் 'சோழகேரளன் திருமாளிகை' என்று வருகிற அரண்மனை இங்கேதான் இருந்தது. சுட்ட செங்கல் சுவர், கருங்கல் பீடத்தின் மேல் மரத்தூண், கூரையில் சின்னச் சின்னத் தட்டை ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பல வரிசை அடுக்கியிருக்கிறார்கள். ஆணிகளும் கிடைத்தன. 1980-களில் துறை அங்கே முறையாகத் தோண்டியது. 2021-ல் மறுபடி தோண்டியபோதும் செங்கல் சுவர்கள் வந்தன. கோயில் கல்லால் ஆனது, அதனால் நிற்கிறது. அரசன் குடியிருந்தது செங்கல்லும் மரமும், அதனால் மேடாகிவிட்டது.

ஆனால் தானாக மட்டும் மேடாகவில்லை. செங்கல்லை அள்ளிக்கொண்டு போனது நாம்தான். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் உறவுக்காரர் வண்டியில் மேட்டுச் செங்கல் ஒரு பாரம் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் வைத்தாராம். அப்பா இதைப் பெருமையாகத்தான் சொல்வார், "இந்தக் காலத்துச் செங்கல் மாதிரியா அது!" என்று. தாத்தாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயிலின் மதிலை உடைத்துக் கல் எடுத்தது வெள்ளைக்காரன் அரசாங்கம். அது அணைக்கரையில் நிற்கிறது, இது எங்கள் கொட்டகையில் நின்றது. அளவுதான் வித்தியாசம்.

நாகசாமியின் எழுத்து சோழரோடு நிற்கவில்லை. கரூர் அகழாய்வையும் ரோமானியத் தொடர்பையும் வைத்து 1995-ல் 'ரோமன் கரூர்' எழுதினார். என் பழைய எகிப்துப் பைத்தியம் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அந்த வணிகத்தின் மறுமுனை எகிப்து. செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கணன், சாதன் என்று தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேயில், கோயில் பகுதியில் புதைந்திருந்த ஒரு இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு!

பத்தூர் நடராஜர் வழக்கில் அவர் லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதும், சிலை 1991-ல் திரும்பியதும் பலருக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் திருக்குறளை சாஸ்திரங்களின் சுருக்கம் என்று எழுதியதையும் பலர் மறக்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. 2022 ஜனவரியில் அவர் இறந்தபோது என் வாட்ஸ்ஆப் குழுவில் நடந்த சண்டை முழுக்க அதைப் பற்றித்தான். மாளிகைமேட்டை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அந்தக் குழுவில் பாதிப் பேர் ஜெயங்கொண்டம், தா.பழூர்க்காரர்கள்.

போன வருஷம் கொட்டகையை இடித்தோம். மெல்லிசாக, அகலமாக மூணு செங்கல் முழுசாகக் கிடைத்தது. சோழர் காலத்ததுதான் என்று அப்பா சத்தியம் செய்கிறார். எந்தச் சுவரில், எந்த வரிசையில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரியாத செங்கல், நேரம் அழிந்துபோன லாக் ஃபைல் மாதிரி. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றேன். "கேட்டா என்னன்னு சொல்லுவ?" என்றார் அப்பா.

மூணும் இப்போது முற்றத்தில் இருக்கிறது. ஒன்றின் மேல் அம்மா துளசித் தொட்டியை வைத்திருக்கிறார்.