ஆறு நிமிடத்து உவகை

பாட்டைக் கேட்டு மனம் தளிர்ப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றின் நிறைவாக உவகையை வைத்தார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் அவ்வுவகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றார். பொருநராற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வழிப்போக்கரைக் கொள்ளையிடக் காத்திருக்கும் ஆறலை கள்வரும், பாலை யாழின் இசை செவியிற் பட்டதும் படைக்கலத்தைக் கைநழுவ விட்டு அருள்வயப்படுவர் என்று அது கூறுகிறது. அகநானூற்றின் 102ஆம் பாட்டிலோ, தினைப்புனத்தில் மேய வந்த யானை, குறமகள் பாடும் குறிஞ்சிப் பண்ணில் மயங்கிக் கதிரையும் உண்ணாமல், நின்ற இடத்தை விட்டும் பெயராமல் உறங்கிவிடுகிறது. இசை மனத்தை மாற்றவல்லது என்பதற்கு இவற்றினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஆயினும், இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பழையதன்று. நம்மில் பலர் நேரே கண்டும் கேட்டும் மகிழ்ந்ததோர் பாட்டுப் படத்தின் வரலாறே அது. 1988ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், செங்கோட்டையில் தலைமையமைச்சரின் சுதந்திர தின உரை முடிந்த பின்னர், தூர்தர்சனில் அப்படம் முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. "மிலே சுர் மேரா தும்ஹாரா" என்பது அதன் பெயர். ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடுவது. பதினான்கு மொழிகளில் அமைந்தது. அந்த ஆறு நிமிடம் பிறப்பதற்கு முன் மூன்று பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வழக்கு இந்நாட்டில் நடந்தது. மகிழ்ச்சிப் பாட்டுக்கு அரசின் அவையில் இடமுண்டா, இல்லையா என்பதே அவ்வழக்கு. அதிலிருந்து தொடங்குவோம்.

அவையில் இடம் பெறாத மகிழ்ச்சி

1952இல் பி. வி. கேஸ்கர் நடுவணரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். செவ்வியல் இசையில் பெரும் பற்றுடையவர். மக்களின் இசைச் சுவையை உயர்த்துவது வானொலியின் கடமை என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப் பாடல்களுக்கான நேரம் பெரிதும் குறைக்கப்பட்டது. பாடலை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. படத்தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு, தம் பாடல்களுக்கான ஒலிபரப்பு உரிமையை விலக்கிக்கொண்டனர். செவ்வியல் இசைக்கு அதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. நாடறியாத வித்துவான்கள் பலருடைய இசை, வீடுகளுக்குள் நுழைந்தது. ஆனால், நாள் முழுதும் உழைத்துக் களைத்துத் திரும்பும் மனிதன் ஒரு பாட்டைக் கேட்டுத் தலையசைக்க விரும்பினால், அவன் எங்கே போவான்?

அவன் கடல் கடந்து போனான். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்கென நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்த பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950இல் அது வணிக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் குரலில் "பினாக்கா கீத்மாலா" என்னும் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கிற்று. புதன்கிழமை இரவுகளில் வட இந்தியத் தெருக்களில் வீட்டுக்கு வீடு அதே குரல் கேட்டது. தெற்கே நம் நாட்டிலோ, இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு சென்னை, மதுரை முதலிய ஊர்களில் உள்ளூர் நிலையத்தைப் போலவே உரிமை கொண்டாடப்பட்டது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, அவர்களை அயல்நாட்டவர் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மக்களின் செவி எங்கே சென்றது என்பதைக் கண்ட அரசு, 1957 அக்டோபர் 3ஆம் நாள் "விவித பாரதி"யைத் தொடங்கியது. கேஸ்கர் அமைச்சராயிருந்த காலத்திலேயே இது நடந்தது என்பது நினைக்கத்தக்கது. வாயிற்கதவை அடைத்தவர்களே பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டனர். உவகை என்பது சான்றோர் அளந்து கொடுக்கும் மருந்து அன்று, மக்கள் தாமே தேடிக்கொள்ளும் உணவு என்பதை அரசு உணர்ந்த நாள் அதுவே எனலாம்.

ஒலியோடு ஒளி

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. தில்லியில் 1959இல் சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு, 1972இல் பம்பாயையும், 1975 ஆகஸ்டில் கல்கத்தாவையும் சென்னையையும் எட்டிற்று. 1982இல் வண்ணமும் நாடு தழுவிய நிகழ்ச்சிகளும் வந்தன. திரைப் பாடல்களைக் காட்சியோடு தொகுத்து வழங்கிய "சித்ரஹார்" வடநாட்டு வீடுகளுக்கும், வெள்ளிக்கிழமை இரவின் "ஒளியும் ஒலியும்" தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வாரத் திருவிழாக்கள் ஆயின. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் தெருவே வந்து அமர்ந்தது.

ஆனால், தமிழகத்துக்கு அப்பால் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இத்திருவிழாவில் அரைப் பங்கே கிட்டியது. சென்னை நிலையத்தின் "ஒளியும் ஒலியும்" தில்லிக்கும் பம்பாய்க்கும் வரவில்லை. ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழித் திரைப்படங்கள் முறைவைத்து ஒளிபரப்பாயின. தமிழின் முறை வருவதற்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாளில் சமையலை முன்னதாகவே முடித்துவிட்டு, பாய் விரித்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் அழைத்து அமர்ந்தவர்கள் இவ்வவையிலும் இருப்பர். தாய்மொழியைத் திரையில் கேட்பது அவ்வளவு அரிய பேறாக இருந்தது. இந்தப் பசியை நினைவிற்கொண்டால்தான், 1988இல் ஒலித்த சில தமிழ் வரிகள் நமக்கு ஏன் அத்துணை இனித்தன என்பது விளங்கும்.

பாட்டு பிறந்த கதை

எண்பதுகள் இந்நாட்டுக்கு எளிய ஆண்டுகள் அல்ல. பஞ்சாபிலும் அசாமிலும் கொந்தளிப்பு. 1984இல் தலைமையமைச்சர் இந்திரா காந்தியின் படுகொலை, அதைத் தொடர்ந்து தில்லித் தெருக்களில் சீக்கியர் மீது நிகழ்ந்த கொடுமை. 1987இல் கடும் வறட்சி. ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கிய காலம் அது. அக்காலத்தில்தான் மக்களை ஒருமைப்படுத்தும் பாட்டொன்று வேண்டும் என்ற எண்ணம் செயலுருப் பெற்றது. விளம்பரத் துறையைச் சேர்ந்த சுரேஷ் மல்லிக் கருத்தை வகுத்தார். இளைஞராயிருந்த பியூஷ் பாண்டே இந்தி வரிகளை எழுதினார். கைலாஷ் சுரேந்திரநாத் படமாக்கினார். இசையை உருவாக்கியதில் அசோக் பட்கி, லூயிஸ் பேங்க்ஸ் ஆகிய இருவர்க்கும் பங்குண்டு. லோக் சேவா சஞ்சார் பரிஷத் என்னும் அமைப்பின் பெயரால் படம் வெளிவந்தது.

இந்துஸ்தானி பைரவியை அடிப்படையாகக் கொண்டது அப்பாட்டு. நம் கருநாடக இசையின் பைரவி வேறு; இந்துஸ்தானி பைரவிக்கு நெருங்கிய உறவு நம் சிந்துபைரவியே. கச்சேரியின் இறுதியில் அவையினர் மனம் இளகியிருக்கும் வேளையில் பாடப்படும் இராகம் அது. அதைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டது இசையமைத்தோரின் நுண்ணறிவு. முதலில் ஒற்றைக் குரல், அவசரமின்றி எழுகிறது. பின்னர் மொழிக்கு மொழி குரலும் தாளத்தின் நடையும் கருவிகளும் மாறுகின்றன. அடிப்படை மெட்டு மட்டும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்போன் அடுத்து வருவதை முன்னரே உணர்ந்து உடன் பாடத் தொடங்குகிறான். இறுதியில் பல குரல்கள் ஒன்றாகி ஓங்குகின்றன. அறிந்ததும் புதியதும் மாறிமாறி வரும் இவ்வமைப்பே கேட்போரின் உள்ளத்தைப் படிப்படியாக உயர்த்துகிறது. காட்சிகளும் அவ்வாறே. அருவிக்கரையில் தொடங்கி, கல்கத்தாவின் நிலத்தடி ரயில், பாகனோடு நடக்கும் கேரளத்து யானை, ஓடும் புகைவண்டி என்று நாடு நம் கண்முன் நகர்கிறது. பீம்சேன் ஜோஷி நின்று பாடும் அத்தொடக்கக் காட்சி நம் கொடைக்கானல் மலையில் எடுக்கப்பட்டது என்பதை அறியும்போது, தமிழ் வரி வருமுன்பே தமிழ் மண் வந்துவிட்டது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

தென்னக மொழிகளின் வரிசையை நம் தமிழே தொடங்கிவைக்கிறது. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் அதனைத் தொடர்கின்றன. தமிழ் வரிகளைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. கமல்ஹாசனும் அக்காட்சியில் தோன்றுகிறார். வெவ்வேறு திசையில் ஓடும் ஆறுகளும் கடலில் கலந்து, முகிலாகி, மழையாய்ப் பொழிவதை அவ்வரிகள் உவமை காட்டுகின்றன. இந்தி வரிகளின் மொழிபெயர்ப்பு என்று தோன்றாத வண்ணம், தமிழுக்கே உரிய நடையில் அவை அமைந்துள்ளன.

பாடியவர் எவ்வூரார்?

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தொடங்கிவைத்த பீம்சேன் ஜோஷி, 1922இல் கன்னட நாட்டில் பிறந்தவர். பதினோராம் வயதில் குருவைத் தேடி வீட்டைவிட்டு வெளியேறி, ரயிலேறி வடநாடெங்கும் அலைந்தவர். இறுதியில் மராட்டியத்தின் புனே நகரில் நிலைத்தவர். தமிழைப் பாடிய பாலமுரளிகிருஷ்ணா, 1930இல் ஆந்திரத்துக் கோதாவரிக் கரைப் பகுதியில் பிறந்து, சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டவர்; அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. நிறைவு செய்த லதா மங்கேஷ்கர், மராட்டியக் குடும்பத்தில் மத்தியப் பிரதேசத்து இந்தூரில் பிறந்து பம்பாயில் வாழ்ந்தவர். லூயிஸ் பேங்க்ஸ் டார்ஜிலிங்கிலிருந்து கல்கத்தாவுக்கும் பின்னர்ப் பம்பாய்க்கும் வந்தவர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பும் கலையும் தேடி வேற்றூர் சென்றவர்களே இப்பாட்டின் தூண்கள். ஒருமைப்பாட்டை மேடையில் பேசுவோர் பலர். இவர்களோ அதை வாழ்ந்தவர்கள். ஊர் பெயர்ந்து வாழும் நமக்கு இப்பாட்டு உறவாய்த் தோன்றுவதில் வியப்பென்ன?

குறையும் நிறையும்

குறை சொல்வாரும் உண்டு. பல்லவி இந்தியில் உள்ளது. ஏனைய மொழிகளுக்கு ஓரிரு வரிகளே வாய்த்தன என்பர். 1965ஆம் ஆண்டின் மொழிப் போரை மறவாத நம்மவர் இதைச் சுட்டுவது இயல்பே. விடுபட்ட மொழிகளும் பல. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 1988இல் இருந்தவை பதினைந்து மொழிகள்; அவற்றுள் வடமொழி நீங்கலான பதினான்கும் பாட்டில் இடம்பெற்றன. கொங்கணியும் மணிப்புரியும் நேபாளியும் அட்டவணையில் சேர்ந்தது 1992இல்தான். போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகியவை அதற்குப் பின்னர். ஆகவே, இசையிலும் சட்டம் வகுத்த எல்லையே எல்லையாயிற்று.

இக்குறைகளை ஒப்புக்கொண்டே ஒன்று கூறலாம். பாட்டு நம்மிடம் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழைத் தமிழாகவே கேட்டு, பஞ்சாபியரும் வங்காளியரும் பொருளறியாமலே முணுமுணுத்தனர். பள்ளியில் தமிழ்ப் பெயரைச் சொல்லவே கூசிய பிள்ளைகள், வகுப்புத் தோழர் தம் மொழி வரியை மழலையாய்ப் பாடக் கேட்டு நிமிர்ந்து நின்றனர். அந்த நிமிர்வே உவகை.

2010 ஜனவரி 26ஆம் நாள் இப்பாட்டின் மறுபதிப்பொன்று வெளிவந்தது. பதினாறு நிமிடங்களுக்கு நீண்டது, புகழ்பெற்றோர் பலர் தோன்றினர், படப்பிடிப்பும் ஒளிமிக்கது. எனினும், முன்னதன் இடத்தை அது பெறவில்லை. அளவு கூடினால் சுவை கூடும் என்பது சமையலிலும் இல்லை, இசையிலும் இல்லை.

நமக்கு எஞ்சுவது

பீம்சேன் ஜோஷி 2011இலும், பாலமுரளிகிருஷ்ணா 2016இலும், லதா மங்கேஷ்கர் 2022இலும் மறைந்தனர். பாட்டு நிற்கிறது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் நினைத்த நொடியில் அதைக் கேட்கலாம். வேறு ஆயிரம் மகிழ்ச்சிப் பாடல்களையும் கேட்கலாம். கொழும்பு நிலையத்தைப் பிடிக்கத் திருகிய முள்ளும், தமிழின் முறைக்குக் காத்திருந்த ஞாயிறும் அவர்கள் அறியாதவை. காத்திருத்தல் இல்லாமற்போனது நன்றே. ஆனால், ஓர் ஐயம் எழுகிறது. பல்லவி அவர்களுக்கு மனப்பாடம். தமிழ் வரி வருமிடத்தில் மட்டும் வாய் தடுமாறுகிறதே, ஏன்?

என் சுரமும் உன் சுரமும் இணைக என்பதே அப்பாட்டின் பெயர் தரும் பொருள். இணைவதற்கு இரண்டு சுரங்கள் வேண்டும். நம் சுரத்தை நாமே இழந்துவிட்டால், பிறருடைய சுரத்தோடு எதைக் கொண்டு இணைவோம்? ஆதலின், அடுத்தமுறை அப்பாட்டு வீட்டில் ஒலிக்கும்போது பெற்றோர் ஒன்று செய்யலாம். தமிழ் வரிகளில் நிறுத்தி, சொல்லுக்குச் சொல் பொருள் உரைத்து, பிள்ளைகளை உடன் பாடச் செய்யலாம். ஆறும் கடலும் முகிலும் மழையும் என்னும் நான்கு சொற்களில் தொடங்கும் அப்பாடம் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடாது. அதுவே நன்று.