சிலூரியர் (டாக்டர் ஹூ)

சிலூரியர் என்போர் பிபிசி தொலைக்காட்சியின் டாக்டர் ஹூ என்னும் அறிவியல் புனைவுத் தொடரில் இடம்பெறும் கற்பனை ஊர்வன இனத்தார் ஆவர். மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே புவியில் நாகரிகம் அமைத்து வாழ்ந்து, பேரழிவு ஒன்றுக்கு அஞ்சி நிலத்தடியில் நெடுந்துயில் கொண்டவர்களாக இவர்கள் சித்திரிக்கப்படுகின்றனர். எழுத்தாளர் மால்கம் ஹல்க் (1924–1979) படைத்த இவ்வினத்தார் 1970 ஆம் ஆண்டு முதன்முதலில் திரையில் தோன்றினர். இவர்களின் கடல்வாழ் உறவினர் 'சீ டெவில்ஸ்', அதாவது கடற்பேய்கள், என அழைக்கப்படுகின்றனர்.

இத்தகைய தொடர்களில் வழக்கமாக வரும் வேற்றுக்கோள் படையெடுப்பாளர்களிலிருந்து சிலூரியர் வேறுபடுகின்றனர். இவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். புவியின் மூத்த குடிகள். எனவே, புவி யாருக்கு உரியது என்ற கேள்வியை இவர்கள் வரும் கதைகள் தவிர்க்க முடிவதில்லை. 1970, 1972, 1984 ஆகிய ஆண்டுகளில் ஒளிபரப்பான மூன்று கதைகளிலும் சமாதான முயற்சி தோல்வியடைந்து, ஊர்வன இனத்தாரின் அழிவிலேயே கதை முடிகிறது.

தோற்றப் பின்னணி

1963 ஆம் ஆண்டு தொடங்கிய டாக்டர் ஹூ தொடரின் நாயகர் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் வேற்றுக்கோளினர். 1970 ஆம் ஆண்டு தொடரின் அமைப்பு மாற்றப்பட்டது. நாயகர் தம் இனத்தாரால் தண்டிக்கப்பட்டு, 20 ஆம் நூற்றாண்டுப் புவிக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு யூனிட் என்னும் பன்னாட்டு இராணுவ அமைப்பின் அறிவியல் ஆலோசகராகப் பணியாற்றினார். ஜான் பெர்ட்வீ இப்பாத்திரத்தை ஏற்றார்.

இவ்வமைப்பில் கதை எழுதுவது கடினம் என்று ஹல்க் கருதினார். எல்லாக் கதைகளும் புவியிலேயே நிகழ வேண்டுமெனில், வேற்றுக்கோளினர் படையெடுப்பு, பித்துப்பிடித்த அறிவியலாளர் ஆகிய இரண்டு வகைக் கதைகளே எஞ்சும் என்று அவர் கதைத் தொகுப்பாளர் டெரன்ஸ் டிக்சிடம் சுட்டிக்காட்டினார். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகையாகப் பிறந்ததே சிலூரியர் கதை: படையெடுப்பாளர் எனத் தோன்றுவோர் தொடக்கத்திலிருந்தே இங்கு இருந்தவர்கள்.

ஹல்க் ஒரு காலத்தில் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர். அதிகாரத்தின் மீதான ஐயமும், எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு என்ற நோக்கும் அவரது கதைகளில் பரவலாகக் காணப்படுகின்றன.

டாக்டர் ஹூ அண்டு தி சிலூரியன்ஸ் (1970)

ஏழு பகுதிகளைக் கொண்ட இக்கதை 1970 சனவரி 31 முதல் மார்ச் 14 வரை ஒளிபரப்பானது. திமோதி கோம்ப் இயக்கினார். கேரி பிளைட்டன் இசையமைத்தார். தொடரின் பெயரையே தலைப்பின் பகுதியாகத் திரையில் காட்டிய ஒரே கதை இதுவாகும்.

இங்கிலாந்தின் வென்லி மூர் என்னும் கற்பனை இடத்தில், குகைகளுக்கு அருகே நிலத்தடி அணு ஆய்வு நிலையம் ஒன்று இயங்குகிறது. அங்குக் காரணமின்றி மின்னாற்றல் இழப்பு ஏற்படுகிறது. பணியாளர் சிலர் மனநிலை பாதிக்கப்படுகின்றனர். ஒருவர் குகை ஓவியங்களைப் போன்ற படங்களைச் சுவரில் வரைகிறார். மனித இனத்தின் அடிமனத்தில் பதிந்துள்ள மூதாதையரின் அச்சமே இதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவருகிறது. நிலையத்தின் ஆற்றலைக் கொண்டு சிலூரியர் தம் இனத்தாரைத் துயிலெழுப்பி வருகின்றனர்.

தம் காலத்தில் சிறுகோள் ஒன்று புவியை நெருங்குவதைக் கண்ட சிலூரியர், அது வளிமண்டலத்தை இழுத்துச் சென்றுவிடும் என அஞ்சித் துயில் கொண்டனர். ஆனால் அக்கோள் புவியைச் சுற்றும் நிலவாக மாறியது. பேரழிவு நிகழவில்லை; அவர்களைத் துயிலெழுப்ப வேண்டிய பொறியும் இயங்கவில்லை. விழித்தெழுந்தபோது, தம் பயிர்களைக் களவாடிய குரங்கினத்தின் வழித்தோன்றல்கள் உலகை ஆள்வதைக் காண்கின்றனர்.

இரு தரப்பிலும் ஒருமித்த கருத்து இல்லாமையே இக்கதையின் சிறப்பு. சிலூரியரின் முதிய தலைவர் மனிதருடன் உடன்பாட்டை விரும்புகிறார். மனிதர் குடியேறாத வெப்பமான பகுதிகளில் தம் இனத்தார் வாழலாம் என்ற நாயகரின் யோசனைக்குச் செவிசாய்க்கிறார். இளைய சிலூரியர் ஒருவர் அவரைக் கொன்று தலைமையைக் கைப்பற்றுகிறார். மனிதர் பக்கத்தில், அறிவியலாளர் குவின் தம் புகழுக்காகச் சிலூரியரைப் பற்றிய செய்தியை மறைக்கிறார். நிலைய இயக்குநர் தம் திட்டம் தடைபடும் என்பதற்காக உண்மையை ஏற்க மறுக்கிறார். சிலூரியர் பரப்பும் கொள்ளைநோய் இலண்டனை எட்டும் காட்சிகள் மேரிலபோன் தொடருந்து நிலையத்தில் படமாக்கப்பட்டன.

நோய்க்கு மருந்து கண்டறியப்படுகிறது. சிலூரியரும் மீண்டும் துயில்கின்றனர். அவர்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பேச்சு நடத்த நாயகர் திட்டமிடுகிறார். ஆனால் அவரது நண்பரான பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட் மேலிடத்து ஆணைப்படி அவர்களின் இருப்பிடத்தை வெடிவைத்துத் தகர்க்கிறார். இது கொலை என்று நாயகர் கூறுவதுடன் கதை நிறைவடைகிறது.

தி சீ டெவில்ஸ் (1972)

ஆறு பகுதிகளைக் கொண்ட இக்கதை 1972 பெப்ரவரி 26 முதல் ஏப்ரல் 1 வரை ஒளிபரப்பானது. ஹல்க் எழுதினார், மைக்கேல் பிரையன்ட் இயக்கினார். பிரித்தானியக் கடற்படையின் ஒத்துழைப்புடன் எடுக்கப்பட்டதால் உண்மையான கப்பல்களும் கடற்படையினரும் இதில் இடம்பெற்றனர். சொலன்ட் நீரிணையிலுள்ள நோ மேன்சு லாண்டு கோட்டை, கடற்பேய்கள் தாக்கும் கடற்கோட்டையாகக் காட்டப்பட்டது. மால்கம் கிளார்க் வழங்கிய மின்னணு இசை அக்காலத் தொலைக்காட்சிக்குப் புதுமையானது.

தீவொன்றில் சிறைவைக்கப்பட்டுள்ள மாஸ்டர் என்னும் எதிர்நாயகர் (ரோஜர் டெல்காடோ) மனித இனத்தை அழிக்கும் நோக்கில் கடற்பேய்களைத் தூண்டிவிடுகிறார். நாயகர் அவர்களின் தலைவரைச் சந்தித்துச் சமாதானத்தை வலியுறுத்துகிறார். தலைவர் ஏறத்தாழ இணங்கும் வேளையில் கடற்படை தாக்குதலைத் தொடங்குகிறது. உணவை இரசித்து உண்டபடியே அணு ஆயுதத் தாக்குதலுக்கு ஆணையிடும் வாக்கர் என்னும் அரசுத்தரப்பாளர் பாத்திரம் குறிப்பிடத்தக்கது. முடிவில் கடற்பேய்களின் தளத்தை அழிப்பவர் நாயகரே. 1970 இல் நண்பரைக் கண்டித்த அவர், இரண்டே ஆண்டுகளில் அதே செயலைத் தாமே செய்யும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

வாரியர்ஸ் ஆஃப் தி டீப் (1984)

ஜானி பைர்ன் எழுதி, பென்னன்ட் ராபர்ட்ஸ் இயக்கிய இக்கதை 1984 சனவரி 5 முதல் 13 வரை நான்கு பகுதிகளாக ஒளிபரப்பானது. பீட்டர் டேவிசன் நாயகராக நடித்தார். சிலூரியரும் கடற்பேய்களும் ஒன்றாகத் தோன்றிய முதற்கதை இது.

கதை 2084 ஆம் ஆண்டு கடலடி ஏவுகணைத் தளம் ஒன்றில் நிகழ்கிறது. உலகம் இரு வல்லரசு அணிகளாகப் பிரிந்துள்ளது. சிலூரியர் மனிதரை நேரடியாக அழிக்க முயலவில்லை. ஏவுகணைகளைச் செலுத்தச் செய்தால் மனிதரே மனிதரை அழித்துக்கொள்வர் என்பதே அவர்களின் திட்டம். பனிப்போர்க் காலத்தின் அச்சத்தை இது நேரடியாக எதிரொலிக்கிறது.

தயாரிப்பில் பல இடர்கள் ஏற்பட்டன. 1983 பொதுத் தேர்தல் காரணமாகப் படப்பிடிப்பு நாட்கள் முன்னதாக மாற்றப்பட்டன. மிர்க்கா என்னும் கடல்விலங்கின் உடை உரிய நேரத்தில் முழுமையடையவில்லை. அதன் வண்ணப்பூச்சு காய்வதற்குள் படமெடுக்க நேர்ந்தது. இருவர் உள்ளிருந்து இயக்கிய அவ்வுடை இன்றும் இரசிகர்களின் நகைப்புக்கு உள்ளாகிறது. எனினும் கதையின் முடிவு கடுமையானது. நச்சு வளிமத்தைப் பயன்படுத்த நாயகர் நெடுநேரம் மறுக்கிறார். இறுதியில் வேறு வழியின்றி இசைகிறார். சிலூரியரும் கடற்பேய்களும் மடிகின்றனர். தளத்தினர் ஏறத்தாழ அனைவரும் இறந்துகிடக்க, வேறு வழி இருந்திருக்க வேண்டும் என்று நாயகர் வருந்துகிறார்.

பிற்காலக் கதைகள்

2010 மே 22, 29 ஆகிய நாட்களில் ஒளிபரப்பான இரு பகுதிக் கதையில் சிலூரியர் மீண்டும் தோன்றினர். கிறிஸ் சிப்னல் எழுதிய இக்கதையில் மாட் ஸ்மித் நாயகராக நடித்தார். வேல்சில் ஆழ்துளை இடும் பணி சிலூரியரின் நகரைத் தாக்குகிறது. முகமூடிக்கு மாற்றாக ஒப்பனை பயன்படுத்தப்பட்டதால் நடிகரின் முகபாவங்கள் வெளிப்பட்டன. பழைய சிலூரியரின் மூன்றாவது கண் நீக்கப்பட்டது. மனிதரும் சிலூரியரும் ஒரே மேசையில் அமர்ந்து நிலப்பகிர்வு குறித்துப் பேசுகின்றனர். சிலூரியக் கைதி ஒருவர் கொல்லப்பட்டதால் பேச்சு முறிகிறது. ஆயினும் இம்முறை இன அழிவு நிகழவில்லை. சிலூரியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மீண்டும் துயில்கின்றனர்.

2011 முதல் மேடம் வாஸ்திரா என்னும் சிலூரியப் பெண் (நீவ் மக்கின்டோசு) நாயகரின் தோழியாக வந்தார். விக்டோரியா காலத்து இலண்டனில் துப்பறிவாளராக வாழும் அவர், இரு இனங்களும் இணைந்து வாழ முடியும் என்பதற்குத் தொடர் தந்த நேரடிச் சான்றாவார். கடற்பேய்கள் 2022 ஏப்ரலில் ஒரு சிறப்புக் கதையிலும், 2025 டிசம்பரில் ஒளிபரப்பான ஐந்து பகுதித் துணைத்தொடரிலும் இடம்பெற்றனர்.

அறிவியல் நோக்கு

சிலூரியர் என்ற பெயர் அறிவியல்படி பிழையானது. சிலூரியக் காலம் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. மீன்களும் தொடக்கநிலைத் தாவரங்களும் வாழ்ந்த அக்காலத்தில் ஊர்வன இல்லை. அறியப்பட்ட மிகப் பழைய ஊர்வனவற்றுள் ஒன்றான ஐலோனோமசு ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

இப்பிழை சுட்டிக்காட்டப்பட்டதால், இயோசீனியர் என்பதே சரியான பெயர் என்று 1972 ஆம் ஆண்டுக் கதையில் நாயகர் திருத்துகிறார். திருத்தமும் பொருந்தவில்லை. இயோசீன் காலம் ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியது. முதற்கதையில் சிலூரியர் வளர்க்கும் தொன்மாவோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்த கூட்டத்தைச் சேர்ந்தது. 2010 இல் பயன்படுத்தப்பட்ட ஓமோ ரெப்டீலியா என்ற பெயரும் பொருந்தாது. ஓமோ என்பது பாலூட்டிகளின் பேரினமாகும். நிலவு ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் பழமையானது என்பதால் அது பின்னாளில் வந்து சேர்ந்தது என்பதும் கற்பனையே.

சிலூரியக் கருதுகோள்

பிழையான இப்பெயர் 2018 ஆம் ஆண்டு அறிவியல் இலக்கியத்தில் இடம்பெற்றது. நாசாவின் காலநிலை அறிஞர் கேவின் ஸ்மித், ராச்செஸ்டர் பல்கலைக்கழக வானியற்பியலாளர் ஆடம் பிராங்க் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மனிதருக்கு முன் ஒரு தொழில்துறை நாகரிகம் இருந்திருந்தால் அதைப் பாறைப் படிவுகளில் கண்டறிய இயலுமா என்பதே அதன் கேள்வி. இதற்குச் சிலூரியக் கருதுகோள் என்று பெயரிட்ட அவர்கள், 1970 ஆம் ஆண்டுக் கதையை அடிக்குறிப்பில் குறிப்பிட்டனர்.

புதைபடிவமாதல் அரிது, பழைய கடற்றளம் புவியின் உட்பகுதிக்குள் அமிழ்ந்துவிடுகிறது. எனவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் கட்டடங்களோ கருவிகளோ எஞ்சுவது ஐயம். கார்பன் ஓரிடத்தான்களின் விகித மாற்றம், செயற்கை வேதிப்பொருட்கள், நெகிழித் துகள்கள் போன்றவையே தடயங்களாக அமையும். ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த திடீர் வெப்பமாதலின் தடயம், மனிதர் இன்று விட்டுச்செல்லும் தடயத்தைச் சில வகைகளில் ஒத்துள்ளது. எனினும் அத்தகைய நாகரிகம் இருந்தது என்று ஆசிரியர்கள் வாதிடவில்லை. ஒரு நாகரிகம் நெடுங்காலம் நிலைக்க வேண்டுமெனில் அது குறைவான தடயத்தையே விட்டுச்செல்ல வேண்டியிருக்கும் என்பது அவர்கள் சுட்டும் முரண்.

மீட்டெடுப்பும் மறுவெளியீடும்

1970 ஆம் ஆண்டுக் கதையின் மூல வண்ண ஒளிநாடாக்கள் பிபிசியால் அழிக்கப்பட்டன. கறுப்பு-வெள்ளைப் படச்சுருள்களே எஞ்சின. அமெரிக்க ஒளிபரப்பிலிருந்து வீட்டுக் கருவியில் பதிவு செய்யப்பட்ட நாடாக்களிலிருந்து வண்ணக் குறிகை மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, படச்சுருளின் தெளிவான ஒளிச்செறிவுக் குறிகையுடன் இணைக்கப்பட்டது. இவ்வாறு மீட்கப்பட்ட பதிப்பு 1993 இல் ஒளிநாடாவாக வெளிவந்தது. மேம்படுத்தப்பட்ட பதிப்பு 2008 சனவரியில், ஏனைய இரு பழைய கதைகளுடன் ஒரே தொகுப்பாகக் குறுவட்டில் வெளியானது. அதன்வழி, 14 ஆண்டு இடைவெளியில் உருவான மூன்று கதைகளையும் வரிசையாகக் காண இயன்றது.

ஹல்க் தம் இரு கதைகளையும் 1974 இல் புதினங்களாக எழுதினார். தொலைக்காட்சியில் பெயரின்றித் தோன்றிய சிலூரியருக்கு முதற்புதினத்தில் ஓக்டல், மோர்கா முதலிய பெயர்கள் வழங்கப்பட்டன. அப்புதினம் மனிதரின் பார்வையில் அன்றி, துயிலச் செல்லும் முதிய ஊர்வனரான ஓக்டலின் பார்வையில் தொடங்குகிறது.

இவற்றையும் பார்க்க

டாக்டர் ஹூ
மால்கம் ஹல்க்
அறிவியல் புனைவு
சிலூரியக் காலம்