கொடைக்கடனும் காலமும்: கொங்குமண்டல சதகமும் காங்கேய நாடும்

தொண்டைமண்டலத்துக்குப் படிக்காசுப் புலவரும் பாண்டிமண்டலத்துக்கு மதுரை ஐயம்பெருமாளும் சதகம் பாடியதுபோல, கொங்குக்குப் பாடியவர் விசயமங்கலத்துச் சமணப் புலவர் கார்மேகக் கவிஞர். திருச்செங்கோடு தி. அ. முத்துசாமிக் கோனார் இந்நூலை 1923இல் ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் பதிப்பித்தார். அதன்பின் கொங்கு வட்டார வரலாறு எழுதுவோர் பலரும் இதனைச் சான்றாகக் காட்டிவருகின்றனர். இச்சதகம் எதற்குச் சான்றாகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

சதகத்தில் கால வரிசை இல்லை. புலவனுக்காகத் தன் தலையையே தர முன்வந்த சங்ககாலக் குமணனும், நன்னூல் இயற்றிய பவணந்தியும், ஆணூர்ச் சர்க்கரையும் ஒரே அவையில் அமர்த்தப்படுகின்றனர். நூற்றாண்டு இடைவெளிகளைப் புலவர் பொருட்படுத்தவில்லை. மண்ணே அவர்களை இணைக்கிறது. கடன் என்னும் சொல் தமிழில் கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஒருங்கே குறிப்பது. முன்னோர் ஈந்ததை நினைவூட்டும் பாடல், கேட்டிருக்கும் வழித்தோன்றலையும் கடன்பட்டவனாக்கிவிடுகிறது. சதகத்தின் உண்மையான வேலை இதுவே எனலாம்.

பவணந்தியின் நிலை இதனைத் தெளிவாக்கும். நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கோலார்ப் பகுதிக் கங்கர் மரபினன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். கொடை கொங்கினது அன்று. எனினும் புலவரின் ஊரைக் கொண்டு சதகம் அப்பெருமையைக் கொங்குக்கு உரிமையாக்குகிறது.

காங்கேயத்தைப் பொறுத்தவரை இவ்வெச்சரிக்கை மேலும் தேவை. உ. வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட சிலப்பதிகாரப் பதிப்பின்வழி அடியார்க்கு நல்லாரின் உரை பரவலாக அறியப்பட்டது. அவரை ஆதரித்தவன் பொப்பண்ண காங்கேயன் என்பது உரைச் சிறப்புப்பாயிரச் செய்தி. அவரது ஊராகிய நிரம்பையைச் சதகம் கொங்கில் வைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து, வள்ளல் பெயரிலிருந்தே காங்கேயம் என்னும் ஊர்ப்பெயருக்குத் தாவுவது எளிது, ஆயின் ஏற்கத்தக்கதன்று. கங்கர் தொடர்புடைய காங்கேயன் என்னும் பெயர் கொங்குக்கு வெளியிலும் வழங்கியது. கொங்கின் இருபத்துநான்கு நாடுகளுள் காங்கேய நாடும் ஒன்று என்பது வேறு செய்தி. அது பொப்பண்ணனை இவ்வூரினன் ஆக்காது. பெயரொற்றுமையைக் கல்வெட்டுத் தாங்கினாலன்றி வரலாறாகக் கொள்ளலாகாது.

சர்க்கரை மரபில் நாம் நிற்கும் நிலம் சற்று உறுதியானது. ஆணூர் என்பது காங்கேயத்தை அடுத்த பழையகோட்டைப் பகுதி. சதகம் புகழ்ந்த அம்மரபின் பட்டக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் காங்கேயம் மாட்டினத்தைப் பேணி வளர்த்தமைக்காக அறியப்பட்டனர். புலவரைப் புரத்தல் என்ற கடன் போய், மரபினத்தைக் காத்தல் என்ற கடன் வந்தது. காலம் செய்த இம்மாற்றம் சதகத்தின் அளவுகோலுக்குள் அடங்காதது.

அடங்காதவை வேறும் உண்டு. ஈந்தவனுடைய பெயர் பாட்டில் நின்றது. ஈவதற்குரிய தவசத்தை விளைவித்தவரும், பரிசிலாக அளித்த ஆடையை நெய்தவரும் அவ்வவையில் இடம்பெறவில்லை. அவர்களைத் தேடும் ஆய்வாளர் வரிச்செய்தி தாங்கிய கல்வெட்டுகளுக்கும் செப்பேடுகளுக்குமே செல்லவேண்டியிருக்கிறது.