யாழ் நூல் பிறந்த கதை

1892ஆம் ஆண்டில், கடலின் இரு கரையிலும் இரண்டு பிறப்புகள். அக்கரையில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றினார். இக்கரையில், மட்டக்களப்பின் தென்பால் உள்ள காரைதீவில், சாமித்தம்பிக்கும் கண்ணம்மையாருக்கும் மயில்வாகனம் என்றொரு பிள்ளை பிறந்தது. அந்தப் புத்தகத்தில் அவிழாமல் கிடந்த ஒரு முடிச்சை அவிழ்க்க இந்தப் பிள்ளை பின்னாளில் உட்கார்ந்தது. அப்படிப் பிறந்ததுதான் யாழ் நூல்.

காரைதீவு கண்ணகி அம்மன் ஊர். மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்கள் பலவற்றில் வைகாசி பிறந்தால் அம்மன் கோயில் கதவு திறக்கும். கண்ணகி வழக்குரை பாடுவார்கள். குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். கோவலனும் மாதவியும் எங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமாகும் ஆட்கள் இல்லை. கோயில் வெளியில் தாயின் மடியில் கிடந்தே கேட்ட பெயர்கள் அவை. மயில்வாகனமும் அந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைதான்.

முடிச்சு என்னவென்றால், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆசிரியர்களை இளங்கோவடிகள் ஒவ்வொருவராகச் சொல்லிவருகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன் என்று வந்து யாழாசிரியனில் நிற்கும் இடத்தில் ஏறத்தாழ 25 அடிகள். யாழில் நரம்பு கட்டும் முறை, ஒரு பாலையிலிருந்து, அதாவது ஒரு சுர வரிசையிலிருந்து, இன்னொரு பாலை பிறக்கும் முறை எல்லாம் அங்கே சுருக்கமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. சொற்கள் இருந்தன, உரையும் இருந்தது, யாழ்தான் இல்லை. வீணை வந்து அதன் இடத்தைப் பிடித்துப் பல நூற்றாண்டு ஆகியிருந்தது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர் சொல்ல முடிந்தவர்களால் அவற்றில் ஒன்றைச் செய்து கையில் தர முடியவில்லை. கருவி இல்லாமல் அந்த 25 அடிகளை எப்படிப் படிப்பது?

அதற்குத் தமிழ் மட்டும் தெரிந்தவர் போதாது, விஞ்ஞானம் மட்டும் தெரிந்தவரும் போதாது. மயில்வாகனத்தின் படிப்பைப் பாருங்கள். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமா அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் தேறினார். மறு ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். பிறகு லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடம், 1924இல் துறவு. மயில்வாகனனார் சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

ஊருக்குத் திரும்பி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளும் மணல்திட்டில், கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் திறந்தார். அங்கிருந்து சற்று நடந்தால் வாவி. நிலாக் காலத்தில் தோணியை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இந்த ஊர் வழக்கம். மெல்லிய நரம்பைத் தொட்டுவிட்டது போல ஒலி வரும். எமர்சன் டென்னென்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதை எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைக்கு ஒப்பிட்டார். மீனவர்கள் ஊரிச் சிப்பி கத்துகிறது என்று அவருக்குச் சொன்னார்கள். உலகத்துக்கு அது பாடும் மீன் ஆகிவிட்டது. விபுலாநந்தர் அந்த ஒலியை 'நீரர மகளிர்' என்ற பாடலாக்கினார். தண்ணீரிலிருந்து இசை கேட்கிறது என்றால் நம் ஊரில் யாருக்கும் அது அதிசயம் இல்லை. அந்த இசையை அளந்து பார்க்கலாம் என்று நினைத்தவர் அவர்.

எப்படி அளப்பது? நம் பள்ளி ஆய்வுகூடங்களில் சுரமானி என்றொரு கருவி உண்டு. நீளமான மரப்பெட்டி, மேலே ஒரு கம்பி, கம்பியைத் தாங்க நகர்த்தக்கூடிய சிறு பாலங்கள். கம்பி 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சுண்டினால் வருவது குரல், அதாவது இன்றைய சட்சம். பாலத்தை நகர்த்தி 45இல் நிறுத்தினால் அதே சுரம் மேல் தாயியில் கேட்கும். 60இல் நிறுத்தினால் பஞ்சமம். பழந்தமிழில் அதன் பெயர் இளி. 67.5இல் நிறுத்தினால் மத்திமம், அதாவது உழை.

இனி பழைய கணக்குக்கு வாருங்கள். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22 அலகு, அதாவது 22 சுருதி. ஒவ்வோர் எண்ணும் முந்திய சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு ஏறும் அலகு. இந்த வரிசையில் குரலிலிருந்து இளிக்கு 13 அலகு; இளியிலிருந்து மேல் குரலுக்கு 9. குரலிலிருந்து உழைக்கும் அதே 9. கம்பியிலும் அப்படியே: ஒன்றரை மடங்கையும் (3/2) ஒன்றும் மூன்றில் ஒன்றுமான மடங்கையும் (4/3) பெருக்கினால் சரியாக இரண்டு மடங்கு. பாட்டில் சொன்ன எண்ணும் கம்பியில் கேட்கும் எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. பழந்தமிழில் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர், சுரத்துக்கும் நரம்பு என்றுதான் பெயர். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னவர்கள் எழுதிய வரிகளை, இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்தான் திறக்க முடிந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1933இல் அந்தப் பதவியை விட்டார். ஆராய்ச்சியை விடவில்லை. கட்டுரைகள் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' இதழில் வந்தன. இடையில் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தமிழில் விஞ்ஞானம் எழுதக் கலைச்சொல் வேண்டும் என்று முயன்ற கூட்டம் அது. 1939இல் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய் 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். போன இடமெல்லாம் யாழும் கூடவே போயிற்று.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' எழுதி, சுருதி 24 என்று வாதிட்டிருந்தார். விபுலாநந்தர் 22இல் நின்றார். கருத்து வேறாக இருந்தாலும் இருவரும் செய்த வேலை ஒன்றுதான்: தமிழிசையை எண்ணால் சோதித்துப் பார்ப்பது.

நூல் ஏழு இயல்களாக விரிந்தது: பாயிரவியல், யாழுறுப்பியல், இசை நரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். உறுப்பிலிருந்து நரம்பு, நரம்பிலிருந்து பாலை, பாலையிலிருந்து பண், பண்ணிலிருந்து தேவாரம் என்று ஒரு படி ஏறிய பிறகே அடுத்த படி. ஒரு சோதனையை எழுதி வைக்கும் விஞ்ஞான மாணவனின் ஒழுங்கு அதில் தெரிகிறது.

1947 ஜூன் 5, 6. திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். ஆறு பெருகி ஓடக்காரர் இல்லாத வேளையில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடியே ஓடத்தைச் செலுத்தியதாகச் சொல்லப்படும் தலம் அது. சம்பந்தரோடு ஊர் ஊராக யாழ் மீட்டிச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். யாழ் நூலுக்கு இதைவிடப் பொருந்திய இடம் வேறேது? விபுலாநந்தரின் கணக்குப்படி செய்த முளரி யாழை ஏந்தி ஊர்வலம் வந்தார்கள். சங்கீத பூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டினார். ஏட்டில் மட்டும் இருந்த ஒரு கருவி காற்றில் ஒலித்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது.

ஜூலை 19ஆம் தேதி சுவாமி கொழும்பில் காலமானார். அரங்கேற்றம் முடிந்து ஆறு கிழமைதான். கல்லடி உப்போடையில், அவர் கட்டிய பள்ளி வளவில் அவருக்குச் சமாதி. அதே கல்லடியில் இன்று அவர் பெயரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் சாதாரண தரம் முடித்ததும் விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என்று வாசல் பிரிந்து போகிறார்கள். ஒரு பக்கம் போனவர் மறுபக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டை நம்பவும் வேண்டும், அளந்து பார்க்கவும் வேண்டும் என்று ஒருவர் இந்த வாவிக் கரையில் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவருக்கு நாம் செய்யும் கைம்மாறு பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்த முறை ஒரு பிள்ளை ஆய்வுகூடத்தில் சுரமானிக் கம்பியை 60 சென்டிமீட்டரில் நிறுத்திச் சுண்டும்போது, மகனே, அதற்கு இளி என்று பெயர் என்று பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் சொல்லட்டும்.