சீர்காழிக்காரர் தந்த சாவி

நம் கல்லூரித் தம்பி தங்கைகள் பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பட்டியலில் 'நெல்' என்று ஒற்றைச் சொல்லைத் தட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. "ஒண்ணும் தேறலை அண்ணே" என்று எழுந்துவிடுகிறார்கள். இதற்கு வழி சொன்னவர் நம்ம காவிரிக்கரைக்காரர்தான்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் படிக்க லண்டன் போனபோது, கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். அதே துண்டுகள், மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை! நூலின் பொருளையும் இப்படிப் பிரித்துக் கோத்தால் என்ன? 1933-ல் 'கோலன் பகுப்பு முறை' நூலாக வந்தது. 1931-ல் நம் பக்கத்து மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் இவரே.

இன்று கணினித் திரையின் ஓரத்தில் பொருள், இடம், ஆண்டு என்று வடிகட்டித் தருவதும் அந்தச் சிந்தனையின் வழி வந்ததுதான். ஆகவே நண்பர்களே, தேடுமுன் காகிதத்தில் பிரித்து எழுதுங்கள்: எது, அதில் என்ன, எங்கே, எப்போது? நெல், குலைநோய், காவிரி டெல்டா, 2010-க்குப் பின். பொருத்தமான கட்டுரை ஒன்று அகப்பட்டால், அதற்குத் தந்திருக்கும் பொருள் தலைப்பை வைத்து மறுபடி தேடுங்கள். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தேடுங்கள்.

பொறியாளனான எனக்கு அன்றாடம் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான். குடவாசல் வயலுக்கு உதவும் ஆய்வை நாம் தேடி எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?