சிலிண்டர் சீக்கிரம் தீருதா? குப்பைக்கூடையையும் கொஞ்சம் பாருங்க!

புது சிலிண்டர் மாட்டின தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பவரா நீங்கள்? அப்படியானால் பாதிக் கணக்கு உங்க கையில் இருக்கிறது. மீதிப் பாதி குப்பைக்கூடையில்!

ஓர் இடத்துக்குள் என்னென்ன பொருள், எவ்வளவு எரிபொருள் வருகிறது, அது என்னவாக மாறி வெளியே போகிறது என்று பார்ப்பதைத்தான் பொருள், ஆற்றல் ஓட்டக் கணக்கு என்கிறார்கள் சூழலியலாளர்கள். தொழிற்சாலைகளுக்குப் போடும் கணக்குதான். ஆனா, நம்ம சமையலறைக்கும் கச்சிதமா பொருந்தும்.

ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. தீர்ந்ததும் அது எங்கே போச்சு? எரியும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஏறக்குறைய 42 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக ஜன்னல் வழியே போய்விடுகிறது. வந்ததைப்போல மூன்று மடங்கு எடை! இந்தியாவில் நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய ஓட்டை எது தெரியுமா? கொதித்த பிறகும் தீயைக் குறைக்காமல் விடுவது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க ஆரம்பித்துவிட்டால், எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடாகாது. கூடுதல் தீ ஆவியாகத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல், அதே தண்ணீரை முழுசா ஆவியாக்கத் தேவைப்படும். அதனால் கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிவிடுங்கள். சாதம், பருப்பு, கிழங்கு எல்லாம் அதே வேகத்தில்தான் வேகும். (கீரை மட்டும் விதிவிலக்கு, மூடினால் நிறம் மாறிடும்.) கொண்டைக்கடலை, ராஜ்மாவை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டால் குக்கரில் பாதி விசில் மிச்சம்.

இனி குப்பைக்கூடை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. நாலு பேர் வீட்டுக்கு 220 கிலோ. காய்கறித் தோலும் இந்தக் கணக்கில் உண்டு என்றாலும், நேற்றைய சாதத்தைக் கொட்டும்போது அதை விளைவித்த தண்ணீர், உரம், அதை வேகவைத்த கேஸ் எல்லாம் சேர்ந்துதான் போகிறது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது கார்பன் டை ஆக்ஸைடைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. தீப்பிடித்தால் எளிதில் அணையாது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக்கிடங்கு எரிந்தபோது அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

‘அப்போ வீட்டிலேயே பயோகேஸ் போட்டுடலாமே?’ போடலாம். ஆனால் ‘சிலிண்டரே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிலோ சமையல் கழிவில் கிடைக்கும் வாயு, ஒரு பர்னரை ஏறக்குறைய கால் மணி நேரம் எரிக்கும். காலை காபிக்கு ஆச்சு, அவ்வளவுதான். விடுதி, கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது நல்ல யோசனை. தனி வீட்டுக்கு என் ஓட்டு உரத்தொட்டிக்குத்தான். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போட்டுக் கிளறிவிடுங்கள்.

நம்ம பாட்டி வீட்டில் கொல்லைப்புறத்தில் கழுநீர்ப் பானை இருந்தது ஞாபகம் இருக்கா? அரிசி களைந்த தண்ணி, காய்த்தோல், வடித்த கஞ்சி எல்லாம் மாட்டுக்கு. சாணம் வறட்டியாகி அடுப்புக்கு. சாம்பல் பாத்திரம் தேய்க்க. புகையில் அவர்கள் பட்ட பாடு நமக்கு வேண்டாம்தான். ஆனால் அந்த வீட்டில் குப்பை என்று தனியாக ஒன்று இல்லை.

இந்த வாரம் ஏழு நாளும் மிஞ்சிய சோறு, குழம்பை மட்டும் தனி டப்பாவில் போட்டு எடை பாருங்கள். எந்த வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி குறைக்கணும்னு அந்த டப்பாவே சொல்லிடும்.