வெளியே போக எத்தனை வாசல்?

சென்ற கார்த்திகையில் என் தம்பி, தன் பிள்ளையின் கல்யாண ரிசப்ஷனுக்கு டில்லியில் இடம் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். முகூர்த்தம் பெண் வீட்டாரின் ஊரான பாலக்காட்டில். இங்கே தை மாதத்தில் ஒரு சாயங்காலம் ரிசப்ஷன் மட்டும், அறுநூறு பேருக்கு. மூன்று நாட்களில் ஐந்து இடங்கள் பார்த்தோம். பிளேட்டுக்கு என்ன ரேட், ஜெனரேட்டர் உண்டா, கார்கள் நிறுத்த இடம் எவ்வளவு என்றெல்லாம் தம்பி விசாரித்தான். ஒவ்வொரு மேனேஜரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: "வெளியே போக எத்தனை வாசல்?"

மூன்றாவது இடத்தில் தம்பி மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணா, உள்ளே நுழையறதுக்கு முன்னாடியே வெளியே போறதைப் பத்திக் கேக்கறேளே, நன்னாவா இருக்கு?" என்றாள். நன்றாக இல்லைதான். ஆனால் இந்தக் கேள்வி என்னிடம் ஒட்டிக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று படித்தது, மற்றொன்று பட்டது. படித்ததை முதலில் சொல்கிறேன்.

1810 ஏப்ரலில் நெப்போலியன் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் மகள் மரீ லூயிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண் வீட்டார் சார்பில் பாரீஸில் ஒரு பெரிய வரவேற்பு கொடுக்க வேண்டியது ஆஸ்திரியத் தூதர் ஷ்வார்ட்ஸென்பெர்க் பிரபுவின் பொறுப்பாயிற்று. ஜூலை 1, இரவு விருந்து. அழைப்பு போனவர்களோ ஆயிரத்துக்கு மேல். தூதரின் மாளிகை பெரியதுதான் என்றாலும் அத்தனை பேர் ஆடவும் அமரவும் அதில் இடமில்லை. நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார்: தோட்டத்தில் பந்தல் போட்டார்! பலகைகளால் ஆன தற்காலிக நடன மண்டபம். மழைக்காக மேலே மெழுகு பூசிய துணி. உள்ளே சுவரெல்லாம் புது வர்ணம், மெல்லிய ஜாலித் துணித் திரைகள், கண்ணாடிகள், காகிதப் பூக்கள். வெளிச்சத்துக்கு நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள்.

பௌதிகம் படித்தவன் என்ற முறையில் இந்த வர்ணனையைப் படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எரிபொருள், காற்று, நெருப்பு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து, நடுவில் மனிதர்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

நடனம் நடக்கும்போதே ஒரு மெழுகுவத்தியின் சுடர் திரையில் பட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரையைப் பிய்த்தெறியப் பார்த்தார்கள், முடியவில்லை. சில நிமிஷங்களில் கூரை முழுவதும் தீ. நெப்போலியன் மனைவியைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். மற்றவர்கள் தோட்டத்துப் பக்கமிருந்த வாசலுக்கு ஒரே சமயத்தில் ஓட, அங்கிருந்த மரப்படிகள் பாரம் தாங்காமல் முறிந்தன. ருஷ்யத் தூதர் குராகின் பலத்த தீக்காயங்களுடன் பிழைத்தார். அவர் அணிந்திருந்த கனமான ஜரிகை வேலை அங்கிதான் உயிரைக் காத்தது என்கிறார்கள். தூதரின் அண்ணன் மனைவி பாலின் சீமாட்டி, தன் பெண்ணைக் காணோமென்று தேடி மறுபடி உள்ளே போனாள். பெண் பிழைத்தாள். தாயின் உடலை மறுநாள், அவள் போட்டிருந்த நகைகளை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

அன்று தீயணைக்க வந்தவர்கள் சிலரே. வந்தவர்களாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நெப்போலியன் விசாரணை வைத்தான். அதன் விளைவாக 1811 செப்டம்பர் 18-ஆம் தேதி ஆணையின்படி பாரீஸ் நகரத் தீயணைப்பு வேலை ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு தனிப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரீஸில் தீயணைப்பு வீரர்கள் இன்றும் ராணுவத்தைச் சேர்ந்தவர்களே. ஒரு கல்யாண விருந்தின் பந்தலில் பிறந்த படை அது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-லேயே வந்துவிட்டது. பந்தல்களுக்கென்றே ஐ.எஸ். 8758 என்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது, மின்கம்பிகளுக்கு அடியில் பந்தல் போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் சொல்கிறேன்: விதி எழுதுவது எளிது, அதை ஷாமியானாக்காரரின் காதில் போடுவதுதான் கஷ்டம். பருத்தித் துணி கனம், விலை அதிகம், நனைந்தால் காய நாளாகும். பாலியெஸ்டர் லேசு, பளபளப்பு. ஆனால் அது எரிவதோடு நிற்காது, உருகிக் கீழே சொட்டும். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியாணாவில் டப்வாலி என்ற சிற்றூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் ஷாமியானா போட்டுப் பள்ளி ஆண்டு விழா நடந்தது. தீ பிடித்தபோது கூரைத் துணி உருகித் தலைமேல் விழுந்தது. வெளியேற ஒரே வழி. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள்.

இதைச் செய்தித்தாளில் படித்து வருந்தியதோடு சரி, நானும் மறந்துதான் போயிருந்தேன். இனி பட்டதைச் சொல்கிறேன்.

2004 பிப்ரவரியில் என் பெண்ணுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு எங்கள் காலனிப் பூங்காவில் ஷாமியானா பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. என் மனைவியின் பிறந்தகம் ஸ்ரீரங்கம். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தீ என்று டி.வி.யில் செய்தி வந்தது. மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தலில் மின்கசிவால் தீ பற்றியிருந்தது. கீழே இறங்கும் படிக்கட்டு குறுகல். மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். அன்று முகூர்த்த நாள். ஊரில் எங்கள் உறவுக்காரர்கள் எந்த மண்டபத்தில் இருக்கிறார்களோ தெரியாது. இரண்டு மணி நேரம் டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எங்கள் மனிதர்கள் க்ஷேமம் என்று தெரிந்தபோதும் அவள் முகம் தெளியவில்லை. "நம்ம பந்தலுக்கு எத்தனை வழி?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் ஷாமியானாக்காரரிடம் போனேன். கூரைக்குப் பருத்தித் துணி, மூன்று பக்கம் வழி, அடுப்பு பந்தலை விட்டுத் தள்ளி என்றேன். "பாபுஜி, இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை" என்று சிரித்தார். அதிகப் பணம் கொடுத்த பிறகே சம்மதித்தார். ஒரு பக்கத்தை முழுவதுமாகத் திறந்தே வைத்தோம். பிப்ரவரி மாதத்து டில்லிக் குளிர் நேரே உள்ளே வந்தது. அந்த ரிசப்ஷனில் சாப்பிட்ட அக்காரவடிசிலை மறந்தவர்கள்கூட, குளிரில் நடுங்கியதை இன்றும் என்னிடம் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஷாமியானா போய் ஏ.சி. ஹால் வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று தம்பி கேட்டான். 2023 செப்டம்பர் 26 இரவு, ஈராக்கில் ஹம்தானியா என்ற ஊரில், கட்டடம் கட்டிய மண்டபத்தில்தான் கல்யாண விருந்து நடந்தது. மணமக்கள் ஆடும்போது உள்ளேயே கொளுத்திய வாணத்தின் பொறி கூரை அலங்காரத்தில் பட்டு, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நாங்கள் பார்த்த ஐந்து இடங்களில் நான்கில், ஜோடி உள்ளே நுழையும்போது இரண்டு பக்கமும் பூவாணம் சீறும் ஏற்பாட்டைப் பெருமையாகச் சொன்னார்கள். பேக்கேஜிலேயே அடக்கமாம்!

ஐந்தாவது இடம் தம்பிக்குப் பிடித்துவிட்டது. மூன்று வாசல் என்றார் மேனேஜர். மேடைக்குப் பின்னால் இருந்த மூன்றாவதைக் காட்டச் சொன்னேன். நாற்காலிகளை உத்தரம் வரை அடுக்கியிருந்தார்கள். அவற்றை விலக்கினால் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவனே மேனேஜரிடம், அந்த வாசல் திறந்திருக்கும், பூவாணம் கிடையாது என்ற இரண்டையும் ரசீதில் எழுதித் தந்தால்தான் முன்பணம் என்றான். முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே போய்ப் பின்பக்கம் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, ஆனால் பூக்காரர் தன் கூடைகளையெல்லாம் அதன் குறுக்கே வைத்திருந்தார். பட்டுப்புடவையும் நகையுமாகத் தம்பி மனைவி அங்கே நின்று, தனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.